கடுகு கிடைத்த ஊர்

1968ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள கவென்ட்ரி நகர மருத்துவமனையில் சில நாள் இடைவெளியில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். ஒருவன் பள்ளிக்குப் போகும் வழியில் வாகனம் மோதிக் கொண்டுவரப்பட்டவன். மற்றவன் புற்றுநோயோடு படுத்திருந்தவன். இரண்டு குடும்பங்களுக்கும் அதற்கு முன் அறிமுகம் இல்லை. இரு வீட்டாரோடும் பேசிக்கொண்டிருந்தவர் அங்கே உதவிப் பாதிரியாராக இருந்த சைமன் ஸ்டீஃபன்ஸ் என்ற இளைஞர். விபத்தில் மகனை இழந்த லாலி தம்பதி, மற்றச் சிறுவனின் பெற்றோரான ஹெண்டர்சன் தம்பதிக்கு மலர் அனுப்பினார்கள். பிறகு நால்வரும் தேநீருக்குச் சந்தித்தார்கள். மகன்களைப் பற்றிப் பேசினார்கள், அழுதார்கள், மறுபடியும் சந்தித்தார்கள். தன்னால் தர முடியாத ஒன்றை அவர்கள் ஒருவருக்கொருவர் தந்துகொள்வதை ஸ்டீஃபன்ஸ் பார்த்தார். 1969 ஜனவரி 28 அன்று அவரும், இந்த இரு தம்பதியரும், பிள்ளையை இழந்த இன்னொரு தாயும் அதே மருத்துவமனையில் கூடினார்கள். மொத்தம் ஆறு பேர். ‘கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ்’, அதாவது பரிவுள்ள நண்பர்கள், என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அதே துக்கத்தைக் கண்ட பெற்றோரே துணை நிற்பது என்ற இன்றைய ஏற்பாடு பல நாடுகளுக்கும் பரவியது பெருமளவில் இந்தக் கூட்டத்திலிருந்துதான்.

இது ஏன் அந்த ஊரில், அந்த ஆண்டில் தொடங்கியது என்பதை விளங்கிக்கொள்ள ஒரு பழைய கதை உதவும். சிராவத்தி நகரத்துக் கிசா கோதமி, இறந்த குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு மருந்து கேட்டு அலைகிறாள். சாவு விழாத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வரச் சொல்கிறார் புத்தர். வீடு வீடாகப் போகிறாள். எல்லா வீட்டிலும் கடுகு இருக்கிறது; சாவு விழாத வீடுதான் இல்லை. நிலையாமையின் பாடமாகவே இந்தக் கதையை நாம் சொல்லி வருகிறோம். ஆனால் நிலையாமையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதுமே! புத்தர் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் அவளை ஊருக்குள் அனுப்பினார். தமிழில் மணிமேகலை காட்டும் கோதமையோடு இவளை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். சக்கரவாளக் கோட்டத்தில் மகன் சார்ங்கலனை இழந்த கோதமையின் முன்னால் தேவர்கள் எல்லாரும் வந்து நின்று, போன உயிர் மீளாது என்ற உண்மையை உறுதிப்படுத்துகிறார்கள். சொன்னவர்கள் தேவர்கள், சொன்னது உண்மை. ஆனால் மகனைப் பறிகொடுத்த இன்னொரு தாய் அந்த இடத்தில் இல்லை. கிசா கோதமிக்குக் கிடைத்தது வேறு. கதவைத் திறந்த ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சாவைச் சொன்னார்கள்.

கவென்ட்ரியில் நிலைமை தலைகீழாகிவிட்டிருந்தது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளை சாகாத வீட்டில் கடுகு வாங்கி வா என்று அந்தத் தாய்மார்களை யாராவது அனுப்பியிருந்தால், தெரு முழுவதும் கடுகு கிடைத்திருக்கும். அவர்களுடைய தனிமைக்கு வேர் அங்கேதான் இருந்தது. குழந்தைச் சாவு அரிதாவது மனித குலம் கண்ட மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று. அந்த வெற்றியே, அதற்குப் பிறகும் பிள்ளையை இழக்கிறவரைத் தம் தெருவிலேயே வேற்று ஊர்க்காரராக ஆக்கிவிடுகிறது. முன்பு தற்செயலாகவே அமைந்த துணையை இனிமேல் திட்டமிட்டு அமைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே பெற்றோர் துணைக்குழு என்பது மருத்துவத்துக்கு மேல் சேர்க்கும் அலங்காரம் அல்ல. மருத்துவத்தின் வெற்றியோடு சேர்ந்தே வரும் கடமை. இந்தக் கட்டுரை நிறுவ விரும்புவது இதைத்தான்.

முதலில் எண்களைப் பார்ப்போம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 150க்கு மேல் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தன. 1968இல் அது 18 அளவுக்கு இறங்கியிருந்தது. சாக்கடை வசதி, நல்ல குடிநீர், சுத்திகரித்த பால், தொண்டை அடைப்பான் தடுப்பூசி, பெனிசிலின், 1948இல் தொடங்கிய தேசிய மருத்துவச் சேவை என்று பலவும் சேர்ந்து செய்த வேலை இது. பாட்டியின் தலைமுறையில், ஒரு பிள்ளையைப் புதைத்த தாயின் இரண்டு பக்கத்து வீடுகளிலும் அதே அனுபவம் இருந்திருக்கும். பேத்தியின் தலைமுறையில் அந்த அனுபவம் உள்ளவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கவென்ட்ரி சாவையே அறியாத ஊர் அல்ல. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசியதில் 500க்கும் மேற்பட்டோர் இறந்த ஊர் அது. ஒரே குழியில் வரிசையாகச் சவப்பெட்டிகளை இறக்கிய ஊர். அந்தச் சாவு ஊருக்கே பொதுவானது. அழுதபோது பக்கத்தில் நின்றவரும் அழுதார். 28 ஆண்டு கழித்து, அமைதிக் காலத்தில், ஒரு சிறுவன் மருத்துவமனையில் இறந்தபோது அது அந்த ஒரு வீட்டின் துக்கமாக மட்டுமே இருந்தது.

சாவு அரிதான அதே காலத்தில் துக்கம் காக்கும் வழக்கங்களும் தேய்ந்துபோயின. விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள் கறுப்பு உடை, மூடிய ஜன்னல் திரை, கறுப்புக் கரை போட்ட கடிதத்தாள் என்று துக்கத்தை வெளியில் தெரியும்படி வைத்திருந்தார்கள். முதல் உலகப்போரில் பிரிட்டனின் வீரர்கள் 7 லட்சத்துக்கும் மேல் மாண்டபோது அந்த வழக்கங்களால் அவ்வளவு சாவைத் தாங்க முடியவில்லை. ஊரே கறுப்பு உடுத்தினால் கறுப்புக்குப் பொருள் ஏது? மானிடவியலாளர் ஜெஃப்ரி கோரர் 1963இல் 1,600க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வின் அடிப்படையில் 1965இல் ஒரு நூல் எழுதினார். துக்கத்தில் இருப்பவர் எப்படி நடந்துகொள்வது, அவரிடம் மற்றவர் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு அன்றைய பிரிட்டனில் வழிகாட்டும் மரபு எதுவும் மிச்சமில்லை என்று அதில் காட்டினார். மிக ஆழமான, மிக நீண்ட துயரம் வளர்ந்த பிள்ளையை இழந்த பெற்றோருடையது என்பதும் அவர் கண்டவற்றுள் ஒன்று. ஆறு பேர் கூடுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, அவர்கள் கூட வேண்டிய காரணம் அச்சில் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். முற்காலத்தில் அத்தனை குழந்தைகள் செத்ததால் பெற்றோர் அவற்றின்மேல் பாசத்தை முதலீடு செய்யவில்லை. துக்கமே குறைவு, எனவே துணையும் தேவைப்படவில்லை என்பது அந்த மறுப்பு. வரலாற்றாசிரியர் லாரன்ஸ் ஸ்டோன் 1977இல் வெளியிட்ட தம் பெரிய நூலில் ஏறக்குறைய இப்படித்தான் வாதிட்டார். 1983இல் லிண்டா போலக் என்ற ஆய்வாளர் அதற்கு விடை சொன்னார். பல நூற்றாண்டுகளின் நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் படித்து, பதினாறாம் நூற்றாண்டுப் பெற்றோரும் பிள்ளையின் நோயில் தூக்கம் இழந்தார்கள், சாவில் உடைந்துபோனார்கள் என்று காட்டினார். புத்திர சோகம் என்ற சொல்லைத் தமிழர்கள் நேற்று உண்டாக்கவில்லை. காட்டில் மகனை இழந்த பார்வையற்ற பெற்றோரின் துயரமே தசரதனுக்குச் சாபமாக வந்தது என்று கேட்டு வளர்ந்த சமூகம் இது. பழைய காலத்தில் குறைவாக இருந்தது துக்கம் அல்ல, துக்கத்தின் தனிமை.

ஆனால் பழைய காலத்தை அப்படியே போற்றிவிடவும் கூடாது. தற்செயலாக அமையும் துணை எல்லாருக்கும் சமமாகக் கிடைத்ததில்லை. நம் ஊர்த் துக்க வீடுகளில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். வந்தவள் அந்த வீட்டுச் சாவுக்கு அழும்போதே தன் வீட்டில் போனவர்களையும் சேர்த்து அழுதாள். துக்கம் விசாரிக்கப் போவது என்ற கடமையின் உள்ளே, அதே வழியில் நடந்தவர் தரும் துணையும் இருந்தது. ஆனால் கைக்குழந்தை இறந்தால் பெரும்பாலும் எரிக்காமல் புதைத்தார்கள், சடங்கையும் சுருக்கினார்கள். உடல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு சிறிதாகவே சடங்கு தந்த ஆறுதலும் இருந்தது. இந்தக் குறையைப் பழைய மரபே உணர்ந்திருந்தது என்பதற்குப் பௌத்தப் பிக்குணிகளின் பாடல் நூலான தேரிகாதையில் சான்று உண்டு. கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் பெற்றோரையும் உடன்பிறந்தவனையும் இழந்து சித்தம் கலங்கிய பட்டாசாரை, பின்னர் பிக்குணியாகிறாள். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஐந்நூறு பெண்கள் அவளிடம் வந்து தேறியதாக அந்த நூல் கூறுகிறது. அந்தப் பெண்கள் யார், ஏன் அவளிடம் வந்தார்கள் என்று விரித்து உரை எழுதிய தம்மபாலரைக் காஞ்சிபுரத்தோடு இணைத்துப் பேசுகிறது மரபு. ஐந்நூறு என்பது மரபாகச் சொல்லும் எண்ணாக இருக்கலாம். ஆனால் புத்தர் இருந்த காலத்திலேயே, பிள்ளையை இழந்த பெண்கள் பிள்ளையை இழந்த பெண்ணிடம் போனார்கள் என்று அந்த மரபு நினைவில் வைத்திருப்பது முக்கியம். கவென்ட்ரியில் கூடியவர்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை. அறுந்துபோன ஒன்றை மறுபடியும் முடிந்தார்கள்.

எப்படி முடிந்தார்கள் என்பதில்தான் அவர்களுடைய நுட்பம் இருக்கிறது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் பெயரையும் பிள்ளையின் பெயரையும் சொல்கிறார்கள். விரும்பினால் நடந்ததைச் சொல்கிறார்கள், விரும்பாவிட்டால் பேசாமல் இருக்கலாம். யாரும் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. பிள்ளையின் பெயரை உரக்கச் சொல்ல முடிகிற இடம் என்பதே பல பெற்றோருக்கு அரிய பொருள். வெளியில் அந்தப் பெயரைச் சொன்னால் பேச்சு திசைமாறிவிடும். அதற்கு மேல், எந்தப் புத்தகத்திலும் இல்லாத நடைமுறை அறிவு அந்த வட்டத்தில் கைமாறுகிறது. ‘உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?’ என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? துணிமணிகளை எப்போது எடுப்பது? பிறந்தநாள் வரும் வாரத்தை எப்படிக் கடப்பது? மிச்சமிருக்கும் பிள்ளையின் பயத்தை எப்படிக் கையாள்வது? மூன்று ஆண்டுகள் முன்பு அந்த வழியில் நடந்தவர், மூன்று மாதம் முன்பு தொடங்கியவருக்குச் சொல்கிறார். சொல்லாமலே சொல்வது இன்னும் பெரிது: இந்த மனிதர் உயிரோடு இருக்கிறார், தேநீர் குடிக்கிறார், சில நேரம் சிரிக்கவும் செய்கிறார்; அப்படியானால் இது சாத்தியம். பாதிரியாரின் வாயிலிருந்து வந்தால் வெறும் நம்பிக்கை வார்த்தையாக நிற்பது, இவரிடத்தில் சான்றாக வந்து நிற்கிறது. சில ஆண்டுகளிலேயே பத்திரிகை வழியாக இந்தச் செய்தி அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. புளோரிடாவில் பிள்ளையை இழந்த ஒரு தம்பதி ஸ்டீஃபன்ஸை அழைத்தார்கள். 1972இல் அமெரிக்காவின் முதல் கிளை தொடங்கியது. 1978இல் அந்நாட்டு அமைப்பாகப் பதிவானபின் கிளைகள் நூற்றுக்கணக்கில் பெருகின.

ஆறு பேரும் கூடிய அதே 1969ஆம் ஆண்டில்தான் எலிசபெத் குப்ளர்-ராஸ் எழுதிய, சாவை எதிர்நோக்கும் நோயாளிகளின் ஐந்து மனநிலைகளைப் பற்றிய நூல் வந்தது. இறந்துகொண்டிருப்பவர்களைப் பற்றி எழுதிய அந்த ஐந்து நிலைகளைப் பின்னாளில் உலகம் துக்கத்தில் இருப்பவர்களுக்கும் பொருத்திக்கொண்டது. ஏறி முடித்தால் துக்கம் தீர்ந்துவிடும் ஒரு படிக்கட்டாகவே பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னால், 1917இல் ஃபிராய்டு எழுதிய கட்டுரை, துக்கத்தின் வேலை இறந்தவரிடமிருந்து மனத்தைப் படிப்படியாக விடுவித்து எடுப்பது என்று வகுத்திருந்தது. மூன்றே ஆண்டில், 1920 ஜனவரியில், அவருடைய மகள் சோஃபி விஷக் காய்ச்சலில் இறந்தாள். ஒன்பது ஆண்டு கழித்து, மகனைப் பறிகொடுத்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு ஃபிராய்டு ஒரு கடிதம் எழுதினார். அன்று சோஃபி இருந்திருந்தால் அவளுக்கு 36 வயது நிறைந்திருக்கும் என்பதையும், இந்த இடத்தை நிரப்ப எதுவும் வராது, வராமல் இருப்பதே சரி என்ற கருத்தையும் அதில் எழுதினார். கோட்பாட்டாளர் எழுதியதைத் தகப்பன் திருத்திய இடம் அது. அந்தக் கடிதத்தை ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எழுதியதாகப் படிப்பதைவிட, பிள்ளையை இழந்த ஒருவர் பிள்ளையை இழந்த இன்னொருவருக்கு எழுதியதாகப் படிப்பதே பொருத்தம்.

அறிவுலகம் அந்தக் கடிதத்தின் உண்மைக்கு வந்துசேர இன்னும் நெடுங்காலம் பிடித்தது. வந்துசேர்ந்த வழிகளில் ஒன்று பெற்றோர் குழுக்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் குழுவோடு பல ஆண்டுகள் இருந்த சமய உளவியல் அறிஞர் டெனிஸ் கிளாஸ், பெற்றோர்கள் இறந்த பிள்ளையோடு உள்ள உறவை முறித்துக்கொள்வதில்லை, அந்த உறவை வேறு வடிவில் வைத்துக்கொண்டே வாழக் கற்றுக்கொள்கிறார்கள் என்று கண்டார். அவரும், பாஸ்டனில் 1960களில் கைம்பெண்களுக்குக் கைம்பெண்களே துணை நிற்கும் திட்டத்தை உருவாக்கிய ஃபிலிஸ் சில்வர்மனும், இன்னொருவரும் சேர்ந்து 1996இல் கொண்டுவந்த நூல், ‘தொடரும் பிணைப்புகள்’ என்ற கருத்தைத் துக்க ஆய்வின் மையத்தில் வைத்தது. நோயின் அறிகுறியாகக் கருதப்பட்டது இயல்பானதாக ஏற்கப்பட்டது. பெற்றோர்கள் நிபுணர்களிடம் கற்றுக்கொண்டதோடு முடியவில்லை. நிபுணர்களும் பெற்றோர்களிடம் கற்றுக்கொண்டார்கள்.

கூடியவர்கள் பேசிக் கலைந்துவிடவும் இல்லை. பிரிட்டனில் எழுபதுகள் வரையிலும் குழந்தை இறந்து பிறந்தால் தாயின் கண்ணில் காட்டாமல் எடுத்துச் சென்றுவிடுவது பல மருத்துவமனைகளில் வழக்கமாக இருந்தது. பார்த்தால் துக்கம் கூடும் என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். அடக்கத்தை மருத்துவமனையே பார்த்துக்கொண்டது. எங்கே புதைத்தார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியாது. எழுத்தாளர் பெல் மூனி 1976இல் தம் இறந்து பிறந்த மகனைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியபோது, அதே அனுபவத்தை அதுவரை யாரிடமும் சொல்லாத பெண்கள் கடிதங்களாக வந்து குவிந்தார்கள். 1978இல் அந்தப் பெற்றோருக்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. இன்று அதன் பெயர் சாண்ட்ஸ். குழந்தையைப் பார்க்கவும் தூக்கவும் பெயர் வைக்கவும் நினைவுக்கு ஒரு படம் எடுத்துக்கொள்ளவும் பெற்றோருக்கு வாய்ப்பு வேண்டும் என்று மருத்துவமனைகளோடு அவர்கள் வாதாடினார்கள். பல பத்தாண்டுகள் கழித்துக் குழந்தையின் புதைகுழியைத் தேடிய முதிய தாய்மாருக்கு வழிகாட்டினார்கள். 28 வாரத்துக்குப் பின் இறந்து பிறந்தால்தான் பதிவு என்றிருந்த சட்ட வரம்பு 1992இல் 24 வாரமாகக் குறைந்ததில் அவர்களுடைய முயற்சிக்கும் பங்கு உண்டு. தனித்தனி வீடுகளில் இருந்தவரை ஒவ்வொரு தாயும் தன் விதி என்று நினைத்திருந்ததை, ஓர் அறையில் கூடிய பிறகே மாற்றக்கூடிய நடைமுறை என்று அடையாளம் கண்டார்கள்.

அடுத்த மறுப்பு ஆய்வுகளிலிருந்து வருகிறது. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. இந்தக் குழுக்களால் குணமாகிறதா? டொராண்டோவில் மேரி வாச்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் 162 கைம்பெண்களைக் கொண்டு நடத்தி 1980இல் வெளியிட்ட ஆய்வில், இன்னொரு கைம்பெண்ணின் துணை பெற்றவர்கள் விரைவாக நிலைக்கு வந்தார்கள் என்று தெரிந்தது. ஆனால் 1985இல் விடேக்கா-ஷெர்மன், லீபர்மன் ஆகிய இருவரும் கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ் பெற்றோரையே ஆராய்ந்தபோது வேறு விடை கிடைத்தது. குழுவுக்குப் போனவர்களின் மனநல அளவீடுகள் போகாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை. இந்த முடிவை இரண்டு விதத்தில் படிக்கலாம். குழுவால் பயனில்லை என்று படிப்பது ஒன்று. ஆனால் அதே ஆய்வு, உளமருத்துவ சிகிச்சை பெற்ற பெற்றோரிடத்திலும் பெரிய மாற்றம் இல்லை என்றே கண்டது. அப்படியானால் பிள்ளையை இழந்த துக்கம், மனச்சோர்வை அளக்கும் வினாத்தாளில் தீரக்கூடிய நோய் அல்ல என்பதே அதன் பாடம். கட்டைக் காலால் நடப்பவரிடம் கால் முளைத்ததா என்று கேட்பதில்லை. எவ்வளவு தூரம் நடக்கிறார் என்றுதான் கேட்கிறோம். உறவு, பேச்சு, அர்த்தம் ஆகியவற்றில் குழு என்ன தருகிறது என்பதே சரியான கேள்வி. அதே சமயம், தற்கொலை எண்ணமும் உடலை முடக்கும் சோர்வும் உள்ளவருக்கு மருத்துவர் வேண்டும். குழு மருத்துவருக்கு மாற்று என்று சொல்பவர் அந்தப் பெற்றோருக்குத் தீங்கு செய்கிறார்.

இன்னொரு மறுப்பும் உண்டு. துக்கத்தில் இருப்பவர்களை ஒன்றாக உட்கார வைத்தால் அவர்கள் துக்கத்திலேயே தங்கிவிட மாட்டார்களா? ஒரே இடத்தில் குவிந்த துக்கம் தானாகவே ஆறுதல் ஆவதில்லை என்பதற்கு வேல்சின் அபெர்ஃபான் சாட்சி. 1966 அக்டோபர் 21 காலை நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு சரிந்து பள்ளியை மூடியதில் 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். அங்கே தனிமைக்கு வழியே இல்லை, ஊரே இழந்திருந்தது. ஆனாலும் தப்பிப் பிழைத்த குழந்தைகள், பிள்ளை இழந்த வீட்டார் பார்த்தால் மனம் வலிக்குமே என்று தெருவில் விளையாடத் தயங்கினார்கள். உலகெங்கும் இருந்து நன்கொடையாகச் சேர்ந்த நிதியைப் பங்கிடும் பேச்சில், பெற்றோர் பிள்ளையோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்று விசாரிக்கலாமா என்ற யோசனைகூட அதிகாரிகள் தரப்பில் எழுந்தது. அதே நிதியிலிருந்து 1,50,000 பவுண்டு, மீதமிருந்த கழிவு மேடுகளை அகற்ற எடுத்துக்கொள்ளப்பட்டது. 1997இல்தான் அந்தத் தொகை திரும்பி வந்தது. இத்தனைக்கும் நடுவில் அந்த ஊர்ப் பெண்கள் தமக்கென்று ஒரு மன்றம் அமைத்து, பல பத்தாண்டுகள் விடாமல் கூடினார்கள். இழப்பு பொதுவாக இருந்தது மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. நாள் குறித்து, இடம் குறித்து, ஒருவரையொருவர் கேட்பதற்காகக் கூடுவது வேண்டியிருந்தது. துக்கத்தில் தங்கிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கும் குழுக்களின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. நேற்று உதவி பெற வந்தவர் நாளை உதவி தருபவராக மாறுகிறார். அந்த மாற்றமே அவருடைய பயணம். வர விரும்பாதவர்களும், வர முடியாதவர்களும் உண்டு. தொடக்கக் காலக் குழுக்களில் நடுத்தர வர்க்கப் பெண்களே மிகுதி. தகப்பன்மாரும் ஏழைகளும் குறைவு. இது உண்மையான குறை. அந்தக் குறைக்கு மருந்து குழுவைக் கைவிடுவது அல்ல, இன்னும் பல வாசல்களைத் திறப்பது.

வாசல்கள் திறந்தால் பொய்களும் உதிரும். பிள்ளை இறந்தால் பத்தில் எட்டு, ஒன்பது திருமணங்கள் முறிந்துபோகும் என்ற ஒரு செய்தி எழுபதுகளில் வந்த ஒரு நூலிலிருந்து பரவி, ஆலோசகர்கள் வாயிலும் நுழைந்துவிட்டது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தம்பதி, அடுத்துப் போகப்போவது தங்கள் மணவாழ்க்கை என்று பயந்தார்கள். கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ் அமெரிக்காவில் 1999இல் பெற்றோரிடமே கணக்கெடுத்தது. பிள்ளை இறந்த நாளில் மணவாழ்வில் இருந்தவர்களில் 72 விழுக்காட்டினர் அதே துணையோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மணமுறிவு 12 விழுக்காடுதான். மற்றவர்களின் துணை இறந்துபோயிருந்தார். சங்கமே நடத்திய கணக்கெடுப்பு என்பதால் அதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் பத்தில் ஒன்பது என்ற பேச்சுக்கும் இதற்கும் நடுவில் உள்ள தூரம் மிகப் பெரியது. ஒவ்வொரு தம்பதியும் தனியாக இருந்தவரை அந்தப் பொய்யை மறுக்க யாரிடமும் எண் இல்லை. கூடியபோதுதான் எண்ணிப் பார்க்க முடிந்தது.

கவென்ட்ரியின் கதையைத் தமிழில் எழுதக் காரணம், அது இப்போது நம் கதையும் ஆகிவிட்டது என்பதே. 1971இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் ஒரு வயது காணவில்லை. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி அது 13. அதாவது லாலி, ஹெண்டர்சன் வீடுகளில் சாவு விழுந்த ஆண்டின் இங்கிலாந்தைவிட இன்றைய தமிழ்நாடு தாழ்ந்த எண்ணைத் தொட்டிருக்கிறது. கிராமச் செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் தடுப்பூசியும் பெண்கல்வியும் சேர்ந்து சாதித்த இதைக் கொண்டாடவே வேண்டும். ஆனால் இந்த எண்ணின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நம் பாட்டிமார்கள், ‘பெத்தது எட்டு, தங்குனது நாலு’ என்று பிள்ளைக் கணக்கைச் சொல்லும்போதே போன பிள்ளைகளையும் சேர்த்துச் சொன்னார்கள்; கேட்டவர்களுக்கும் அப்படி ஒரு கணக்கு இருந்தது. இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே பிள்ளையை இழந்த தாயின் வீட்டுக்கு ஒப்பாரி வைக்க யாரும் வருவதில்லை. வருகிறவர்கள் பதினாறாம் நாளுக்குப் பிறகு வருவதில்லை. அதன்பின் எதிரே பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் விலகிப்போகிறார்கள். அவர்களிடம் இரக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த அனுபவம் இல்லை, அவ்வளவுதான். அவர்களுக்கு அது நேராமல் இருப்பதைத்தான் நாமும் விரும்புகிறோம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த வழக்கம் மேல்நாட்டினுடையதா நம்முடையதா என்பது அல்ல. குழந்தைகள் நலப் பிரிவு நடத்தும் ஒவ்வொரு மருத்துவமனையும், தன்னால் காப்பாற்ற முடியாத பிள்ளையின் பெற்றோர் வீடு திரும்பும்போது, முன்பு அதே வாசல் வழியாக வெறுங்கையோடு போன இன்னொரு பெற்றோரின் சம்மதம் பெற்ற தொடர்பு எண்ணைத் தர முடியுமா என்பதுதான் கேள்வி. அதற்குக் கட்டடம் வேண்டாம், பெரும் நிதி வேண்டாம். ஆறு பேர் உட்கார ஓர் அறையும் ஒரு பாதிரியாருக்கு இருந்த அடக்கமும் போதும். இந்த வேலையை நான் செய்ய முடியாது, அதைச் செய்யக்கூடியவர்களைச் சேர்த்துவைக்க என்னால் முடியும் என்று அவர் உணர்ந்தார். நம் ஊரிலும் இன்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கடுகு கிடைக்கிறது. கிடைக்காத சில வீடுகள் எவை என்று அறிந்து, அவற்றுக்கு இடையே பாதை போட்டுக் கொடுப்பது இனி நம் பொறுப்பு.